காட்டைப் பார்த்த வீடு, காவல் யார் செலவில்? குன்னூர் முதல் மசினகுடி வரை ஒரு பயணம்

வெம்பாக்கத்தில் ஏரி உண்டு, வயல் உண்டு. பக்கத்து மாமண்டூரில் பல்லவர் காலத்துக் குகைகள் உண்டு. ஆரணிப் பட்டு நெய்யும் தறிச் சத்தம் உண்டு. யானை நின்று நிதானமாகத் தழை ஒடிக்கிற அளவுக்குக் காடுதான் கிடையாது. அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வேன் பேசி, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படும் குடும்பங்களின் வாயில் முதலில் வரும் பெயர் ஊட்டி.

400 கிலோமீட்டருக்கும் மேல். ஆரணி, வேலூர், கிருஷ்ணகிரி, சேலம், அவிநாசி என்று ராத்திரி முழுக்க ஓடினால் விடியும்போது மேட்டுப்பாளையம் வரும். பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் மலை எழுந்து நிற்கும். வேனில் தூங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டுவது இங்கேதான். கையில் இ-பாஸ் இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது.

கல்லாறு, பர்லியாறு என்று வளைந்து வளைந்து ஏறினால் குன்னூர். ஊட்டிக்குப் போகிற அவசரத்தில் பலரும் டீத்தூள் வாங்கிக்கொண்டு தாண்டிவிடுகிற ஊர். ஆனால் காடு, வீடு, பணம் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

2024 மார்ச் மாதத்தின் நடுவில் குன்னூரின் பாரஸ்ட் டேல் பகுதியில் காடு பற்றிக்கொண்டது. பனியில் கருகிய புல், மழையில்லாத மாதம், மேட்டை நோக்கி வீசும் காற்று. தீக்கு வேறென்ன வேண்டும்? செங்குத்தான சரிவு. தீயணைப்பு வண்டி அங்கே போகாது. குழாயும் எட்டாது. வனத்துறை ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் பச்சைத் தழைகளை ஒடித்துத் தீயை அடித்து அடித்து அணைத்தார்கள். ஒரு பக்கம் அணைந்தால் மறுபக்கம் புகைந்தது. நாள் கணக்கில் இழுத்தது.

கடைசியில் விமானப்படையின் எம்.ஐ.17 ஹெலிகாப்டர் வந்தது. அதன் அடியில் ஒரு பெரிய வாளி தொங்கும். 'பாம்பி பக்கெட்' என்று பெயர். அணையில் நீரை மொண்டு, பறந்து வந்து, எரியும் சரிவின்மேல் கொட்டியது. ஊரே மாடியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. செல்போன்களில் படம் பறந்தது. பார்க்கிறவருக்குச் சிலிர்ப்புதான், சந்தேகமில்லை.

தீ எங்கே தொடங்கியது? தனியார் தேயிலைத் தோட்டத்தில் காய்ந்த சருகைக் கூட்டி வைத்த நெருப்பு காட்டுக்குள் பரவியது என்று வனத்துறை வழக்குப் பதிவு செய்தது. தோட்டத் தரப்பினர் மீது நடவடிக்கையும் எடுத்தது. வழக்கு அதன் வழியில் போகட்டும். ஆனால் அந்த ஹெலிகாப்டருக்கான எரிபொருள், விமானியின் சம்பளம், தீயணைப்பு வண்டியின் டீசல், கையில் கொப்புளத்தோடு வீடு திரும்பியவரின் கூலி எல்லாமே அரசுக் கஜானாவிலிருந்து போனவை. வெம்பாக்கத்தில் ஒருவர் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும், மூர்மார்க்கெட்டில் ஒருவர் செருப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் போய்ச் சேரும் அதே கஜானா.

இதில் தப்பென்ன? காடு எல்லோருக்கும் பொதுதானே, பவானியில் ஓடும் தண்ணீர் அந்த மலையிலிருந்துதானே வருகிறது என்று கேட்கலாம். சரிதான். காட்டைக் காக்கப் பொதுப்பணம் செலவாவதில் யாருக்கும் மனக்குறை இருக்க முடியாது. இருந்தால் அது தவறான கணக்கு. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

குன்னூரிலிருந்து கோத்தகிரிப் பக்கமோ, டால்பின் நோஸ் பக்கமோ போகும் சாலையில் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்கள் ஒரு ரகம். ஓட்டுக்கூரை, புகைபோக்கி, வாசலில் ரோஜா. அவற்றுக்கு நடுவே புது ரகம் ஒன்று முளைத்திருக்கிறது. பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவர், மேலே மரத்தளம், கீழே சோலைக்காடு. வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் வீடுகளும் இவற்றில் உண்டு. காவலுக்கு ஒரு குடும்பம் அவுட்ஹவுஸில் இருக்கும். மனை விற்பவர்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது சதுர அடியை அல்ல. 'காட்டை ஒட்டியது' என்பதைத்தான். பக்கத்தில் காப்புக்காடு இருப்பது அந்த மனைக்கு மவுசு. அந்தக் காட்டுக்கு ஆகிற செலவு மட்டும் விலைப்பத்திரத்தில் வராது.

இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஜமீன் ஒழிப்புக் காலத்தில், கையை விட்டுப் போகும் முன் மரங்களை வெட்டி விற்றுவிடுவார்களோ என்ற பயத்தில் 1949-ல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் வரும் நிலத்தை அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது, மரம் வெட்டவும் முடியாது. மலைப்பகுதிக் கட்டடங்களுக்கென்று 1990-ல் 'ஹாகா' என்ற அமைப்பும் வந்தது. சட்டம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் வீடுகளும் இருக்கின்றன.

காட்டோரத்தில் ஒரு வீடு வந்தால் அதனால் காட்டு வேலைக்கு என்ன கூடுதல் செலவு?

ஆளில்லாத மலையில் புல் எரிந்தால் வனத்துறைக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. எந்தப் பக்கம் காற்று, எங்கே மறித்தால் நிற்கும் என்று பார்த்து, அகலமாக ஒரு கோடு வெட்டிக் காத்திருக்கலாம். கீழே வீடு இருந்தால் அந்த நிதானம் போய்விடும். ஆள் முழுக்க வீட்டைக் காப்பாற்ற ஓட வேண்டும். எரிகிற காடு இரண்டாம் பட்சம். வீடு வந்தால் சாலை வரும், மின்கம்பி வரும், குப்பை வரும், குப்பைக்குக் கரடி வரும். கரடி வந்தால் கூண்டு வைக்க வனத்துறை வரவேண்டும். வீட்டைச் சுற்றி மின்வேலி போட்டால் யானை அடுத்த ஊர் வாழைத்தோட்டத்துக்குத் திரும்பும். அங்கே அகழி வெட்டுவது யார்? மறுபடியும் வனத்துறை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு பகிரங்கமாகவே பேசப்படுகிறது. அந்நாட்டு வனத்துறையின் பட்ஜெட்டில் 1995-ல் தீக்கான செலவு 16 சதவீதம். 2015-ல் அது பாதியைத் தாண்டிவிட்டது. வறட்சியும் வெயிலும் ஒரு காரணம். காட்டின் விளிம்பில் வரிசையாக வீடு கட்டியது இன்னொரு காரணம். மரம் நடவும், பாதை பராமரிக்கவும் இருந்த பணத்தைத் தீயே தின்றது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் எரிந்தபோது சில செல்வந்தர்கள் சொந்தப் பணத்தில் தனியார் தீயணைப்பு ஆட்களையே அமர்த்திக்கொண்டார்கள். பொதுக்குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் மட்டும் தனி லாரி என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. நம் ஊரில் இன்னும் அதுவரை போகவில்லை. வாசலில் நிற்பது இன்றைக்கும் அரசாங்க லாரிதான்.

ஊட்டியில் ஏரி, பூங்கா, சாக்லேட் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மசினகுடி. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் பக்கம். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் ஒன்று அந்தச் சரிவில் உருண்டு, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமலே கிடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகளுக்கு அந்த வழியில் இறங்க அனுமதி இல்லை. சுற்றிக்கொண்டு கூடலூர் வழியாகத்தான் போக வேண்டும். சுற்றுதான் என்றாலும் நஷ்டமில்லை. பைக்காரா, நடுவட்டம், கூடலூர் தாண்டி முதுமலைக்குள் நுழையும் அந்தச் சாலையில்தான் காட்டு வேலை என்றால் என்னவென்று கண்ணுக்குத் தெரியும்.

முதுமலை 1940-லேயே சரணாலயம் ஆன இடம். புலிகள் காப்பகமானது 2007-ல். மாசி, பங்குனியில் போனால் சாலையின் இருபுறமும் சில மீட்டர் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று எரிந்து கிடக்கும். 'ஐயோ, காட்டுத்தீ!' என்று பதறுவார்கள் பலர். அது வனத்துறையே எரித்தது. தீத்தடுப்புக் கோடு என்பார்கள். மார்கழி, தை மாதங்களில் புல்லையும் புதரையும் அறுத்துக் காயவைத்து, ஆட்கள் வரிசையாக நின்று, அடக்கமாக எரித்துவிடுவார்கள். பின்னால் யாரோ வீசிய பீடித் துண்டால் தீ பிடித்தாலும், இந்தக் கறுப்புப் பட்டையைத் தாண்ட அதற்குத் தீனி இருக்காது. கிலோமீட்டர் கிலோமீட்டராக, வருடா வருடம், கையாலேயே செய்கிற வேலை.

செய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்ந்த குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் ஆண்களும் பெண்களும். கோடைக்கு மட்டும் எடுக்கும் தீத்தடுப்புக் காவலர்களும் இவர்களே. எந்த ஓடையில் ஈரம் இருக்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் ஒற்றை யானை நிற்கும் என்பது இவர்களுக்குத் தெரியும். ஒரு வரைபடத்திலும் அது கிடையாது.

சின்னத் தீ வைத்துப் பெரிய தீயைத் தடுக்கும் இந்த யோசனையும் புதிதல்ல. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் 'தரகு பெங்கி' என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சருகுத் தீ என்று பொருள். வெயில் ஏறும் முன்பே சருகை மட்டும் லேசாக எரியவிட்டு விடுவது. மரம் பிழைக்கும், புல் துளிர்க்கும். வனச்சட்டம் வந்து, தீயே கூடாது என்று தடுத்த பிறகு அங்கே உண்ணிச்செடி மண்டியது என்பது சோளகர்கள் சொல்லும் கணக்கு. ஆய்வாளர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

உண்ணிச்செடியைத் தெரியாதவர் யார்? வெம்பாக்கத்து வேலியோரத்திலும் இருக்கும். மஞ்சளும் சிவப்புமாகக் குட்டிக் குட்டிப் பூ, கசக்கினால் ஒரு வாடை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். துரைமார் பங்களா தோட்டங்களில் வேலிக்கு வைத்தார்கள். பறவை பழத்தைத் தின்று காட்டில் விதைத்தது. இன்று முதுமலையில் மான் மேய வேண்டிய புல்வெளியில் ஆள் உயரத்துக்கு அதுதான் நிற்கிறது. மேயவும் உதவாது. காய்ந்தால் தீ அதன்மேல் ஏறி மரத்தின் உச்சிவரை போகும்.

அதன் தம்பி ஒன்றும் உண்டு. கூடலூர், முதுமலைப் பக்கம் சாலையோரமெல்லாம் மஞ்சள் பூ கொட்டும் சென்னா மரம். பார்த்ததும் போட்டோ எடுக்கத் தோன்றும். இதுவும் அழகுக்கு வைத்து, கைமீறிப் போனதுதான். அடியில் புல் முளைக்க விடாது. இந்த அந்நியச் செடிகளை அகற்ற 2022-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வகுத்தது. சென்னா மரங்களை வெட்டி எடுத்துப்போகும் வேலையில் அரசின் காகித ஆலையான டி.என்.பி.எல். இறங்கியது. ஒருமுறை வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வருடக்கணக்கில் பின்தொடர்ந்து போக வேண்டும். ஒரு காலத்தில் சில வீட்டுத் தோட்டங்களுக்கு அழகாக இருந்தது. நூறு, இருநூறு ஆண்டு கழித்து அதற்கான பில் அரசுக்கு வந்திருக்கிறது.

இதே உண்ணிச்செடியில் ஒரு வேடிக்கையான கதையும் கிளைத்தது. அதன் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, ஆளுயர யானைகளாகச் செய்கிறார்கள் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள். பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் எல்லோருமாகச் சேர்ந்து செய்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் 100 யானைகள் கப்பலேறி அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் இறங்கின. நியூபோர்ட் என்றால் கோடீஸ்வர மாளிகைகளின் ஊர். 70 அறைகள் கொண்ட வாண்டர்பில்ட் குடும்பத்து 'பிரேக்கர்ஸ்' மாளிகை அங்கேதான் இருக்கிறது. பங்களா தோட்டத்துக்காகக் கடல் தாண்டி வந்த செடி, யானையாகி, மறுபடி கடல் தாண்டி மாளிகைப் புல்வெளிக்குப் போனது. பிடித்தவர்கள் விலை கொடுத்து வாங்கலாம். பணம் மனிதரும் விலங்கும் ஒத்துவாழ்வதற்கான வேலைகளுக்குப் போகிறது. காட்டு வேலைக்குப் பணக்கார வீடுகள் நேரடியாகப் பணம் தருவது நடக்காத காரியம் இல்லை என்பதற்கு இது ஒன்றாவது உதாரணம்.

தெப்பக்காட்டில் எல்லா வண்டியும் நிற்கும். யானைகளுக்கு ராகி, கொள்ளு உருண்டை கொடுக்கும் நேரம் பார்த்துப் போனால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோது, பொம்மனும் பெள்ளியும் உலகம் அறிந்த முகங்கள் ஆனார்கள். அப்போது தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு செய்தது. முகாம்களில் வேலை செய்யும் 91 பேருக்கும் தலா 1 லட்சம் ரூபாய், அவர்கள் வசிக்க வீடு கட்ட 9 கோடியே 10 லட்சம் ரூபாய். தலைமுறை தலைமுறையாக யானைக்கு உழைத்தவர்கள் நல்ல கூரைக்குக் காத்திருந்தது ஆஸ்கர் வரும்வரை. அரசுப் பணத்தில் காட்டோரம் வீடு என்றால், முதல் உரிமை இவர்களுக்குத்தானே?

தெப்பக்காட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் சில கிலோமீட்டரில் மசினகுடி. 'மசினகுடி வழி ஊட்டிக்கு ஒரு யாத்ரா' என்று மலையாள இணையத்தில் ஓர் அலை அடித்ததே, அந்த மசினகுடி. ஞாயிற்றுக்கிழமை போனால் கேரள வண்டிகளுக்கு நடுவே ஊர் எங்கே என்று தேட வேண்டும்.

ஒருபக்கம் நீலகிரி மலை சுவர்போல நிற்கும். மறுபக்கம் மாயாறு பள்ளத்தாக்கு கிடுகிடுவென்று இறங்கும். நடுவில் இருக்கும் சமவெளிதான் சீகூர். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடும் கைகோக்கிற இடம். ஆயிரக்கணக்கான யானைகள் வாழும் நீலகிரி உயிர்க்கோளத்தில், தண்ணீரும் தீனியும் தேடி யானை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வேண்டுமானால் இந்த இடுக்கில்தான் நுழைந்து போயாக வேண்டும். மலையில் ஏறவும் முடியாது, பள்ளத்தில் இறங்கவும் முடியாது. வேறு வழி இல்லாத வழி.

அந்த வழியில் ஊரும் இருக்கிறது. 1930-களில் பைக்காரா மின்திட்டத்துக்காகச் சிங்காராவில் மின்நிலையம் கட்ட வந்தவர்கள், பின்னால் வந்த திட்டங்களுக்கு வந்தவர்கள் என்று குடியேறியவர்கள் பலர். அதற்கு முன்பே இருந்த பழங்குடிகள் உண்டு. மாடு வளர்த்து, சாணத்தை எருவாக விற்றுப் பிழைத்த வீடுகள் உண்டு. இவர்களின் வீட்டைக் 'காட்டோர வீடு' என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை.

மற்ற வகை வீடுகள் பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் வந்தன. பட்டா நிலத்தை வாங்கினார்கள். 'வீடு' என்று காகிதத்தில் எழுதி, விடுதியாக நடத்தியவர்கள் இருந்தார்கள். மரத்தின்மேல் குடில், நீச்சல்குளம், ராத்திரியில் கேம்ப் ஃபயர், சுற்றிலும் மின்வேலி. விலங்கு தண்ணீர் குடிக்க வருவதை பால்கனியில் காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம் என்பதுதான் அங்கே விற்பனைக்கு இருந்த சரக்கு. அந்த விலங்கு உயிரோடு இருப்பதற்கான செலவு விடுதிக் கணக்கில் இல்லை. கோடு கிழித்து எரித்தவர், ராத்திரி ரோந்து போன வேட்டைத் தடுப்புக் காவலர், உண்ணிச்செடி பிடுங்கியவர் எல்லோருக்கும் கூலி கொடுத்தது அரசு.

வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2010 ஆகஸ்ட் 31-ல் அரசு யானை வழித்தடத்தை அறிவித்து ஆணை வெளியிட்டது. 2011 ஏப்ரல் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் 27 விடுதிகளுக்குச் சீல் வைத்தது. 2020 அக்டோபர் 14-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. வழித்தடம் செல்லும், அரசாணை செல்லும். நில உரிமையாளர்களின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையில் குழு. யானை நடக்கும் பாதை என்பதை ஆணையாக எழுதி, அது செல்லும் என்று இறுதியாகக் கேட்க 10 ஆண்டு ஆகியிருக்கிறது. வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர்களின் கட்டணமும் காட்டுச் செலவில்தானே சேர வேண்டும்?

தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் கடந்திருந்தது. 2021 ஜனவரியில் மசினகுடிப் பக்கம் காயத்தோடு திரிந்த ஓர் ஆண் யானைக்குச் சிகிச்சை தரப் பிடித்து, தெப்பக்காட்டுக்கு லாரியில் கொண்டுபோகும் வழியில் அது இறந்தது. காது கிழிந்து புண்ணாகி இருந்தது. லாரியில் கிடந்த யானையின் தும்பிக்கையைத் தடவித் தடவி வனத்துறை ஊழியர் ஒருவர் அழும் காட்சி நாடெங்கும் பரவியது. இரண்டு மூன்று நாளில் இன்னொரு காட்சி வந்தது. தங்கும் விடுதி ஒன்றின் வாசலுக்கு வந்த யானையின்மீது எரியும் டயரை எறிகிறார்கள். அது யானையின் தலையில் மாட்டிக்கொள்கிறது. நெருப்போடு யானை ஓடுகிறது. இருவர் கைதானார்கள். அந்த விடுதிக்கு அனுமதியே இல்லை என்று சொல்லி அதிகாரிகள் சீல் வைத்தார்கள்.

அந்த யானைக்குப் பழத்தில் மருந்து வைத்துக் கொடுத்தவர்கள், மயக்க ஊசி போட்ட மருத்துவர்கள், கும்கி யானைகள், லாரி... அதற்கும் ஒரு கணக்கு எங்கோ இருக்கும்.

ஊர்க்காரர்கள் மனதில் ஆறாத வருத்தமும் ஒன்று உண்டு. விடுதி மூடியதும் முதலில் வேலை போனது ஜீப் ஓட்டுநருக்கும், சமையல்காரருக்கும், அறை பெருக்கிய பெண்ணுக்கும். பட்டா நிலத்தில் தலைமுறையாக இருப்பவருக்கு, 'நம்ம வீடும் வழித்தடத்துல வருமோ?' என்ற பயம் இன்னும் போகவில்லை. சொந்தக் குடிசையையும் சொகுசு விடுதியையும் ஒரே சிவப்பு மையால் சுற்றினால் அது நியாயமாகாது. வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்தது. காட்டில் வாழ்பவரின் உரிமையைப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மற்ற வீடுகளின் காகிதத்தைத் தூக்கிப் பார்ப்பதுதான் முறை.

மற்ற வீடுகளுக்கு என்ன செய்யலாம்? வருடத்துக்கு ஒருமுறை தன் எல்லையைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவதைக் கட்டாயமாக்கலாம். காட்டோர விடுதி அறை வாடகையில் ஒரு சிறு தொகை தீக்காவலர் கூலிக்கென்றே தனியாகப் போகச் செய்யலாம். தீ வைத்தது ஒரு தோட்டம் என்று நிரூபணமானால், அணைத்த செலவு முழுவதையும் அந்தத் தோட்டத்திடமே வசூலிக்கலாம். காட்டை அழித்துத் திட்டம் கட்டும் நிறுவனங்கள் செலுத்தும் ஈட்டுப் பணத்துக்கென்று 2016-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. காட்டை அழித்தால் பணம் கட்ட வேண்டும், காட்டைக் காட்டிப் பணம் பண்ணினால் எதுவும் வேண்டாம் என்பது என்ன கணக்கு?

திரும்பும்போது கல்லட்டி வழியாக ஏறலாம். ஏறுவதற்குத் தடையில்லை. வேன் முதல் கியரில் முனகும். வெயிலில் காய்ந்த முள்காடு மெல்ல மெல்லப் பச்சையாகும். பாதி மலையில் ஏதாவது ஒரு வளைவில் ஓட்டுநர் இன்ஜின் சூடு ஆறட்டும் என்று நிறுத்துவார். இறங்கிக் கீழே பாருங்கள். சீகூர் சமவெளி விரித்த பாய்போலக் கிடக்கும். நடுவே கறுப்பு நூல் ஓடுவதுபோல் தீத்தடுப்புக் கோடுகள் தெரியும். பட்டுச் சேலையில் கரை பிடிப்பதுபோல அத்தனை நேராக இருக்கும். கண்ணாடிபோல அங்கங்கே மின்னுவது விடுதிக் கூரைகள்.

கோட்டின் ஓரத்தில் எறும்புபோல நகர்கிறவர்கள் தீக்காவலர்கள். ஜூன் மாதம் மழை இறங்கும்வரை அவர்களுக்கு அங்கே வேலை. மழை வந்தால் தீ வேலை முடியும், அந்தக் கூலியும் அன்றோடு நிற்கும்.